நுனி தேயும் நூல்



ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே தோட்டத்தில் வளர்ந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டிய இருவரை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதில் ஒருவர் கைத்தடி இல்லாமல் கோயில் திருவிழாவுக்கு நடந்தே வருகிறார். மற்றவர் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். அடையாளக் கார்டில் இருவருக்கும் வயது ஒன்றுதான். ஆனால் உடம்பின் வயது ஒன்றாக இல்லை. இது ஏன் என்று கேட்டால், "எல்லாம் அவரவர் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தத் தலையெழுத்து என்ற சொல்லை இன்று சற்று நிறுத்தி வைத்து ஆராய்ந்து பார்ப்போம். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூல்போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அந்த நூலின் நுனி வயது ஏற ஏறத் தேய்கிறது. தேய்வதற்கும் நோய் வருவதற்கும் உறவு உண்டு என்று அறிவியலார் கண்டறிந்திருக்கிறார்கள். அதை அவர்கள் கண்டுபிடித்த வரலாறு நீண்டது. அந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கு நம் கிள்ளான் பட்டணம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பாடம் சொல்லிவைத்திருக்கிறது.

பட்டையும் நுனியும்

பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இந்த விஷயத்தை விளக்குவது எளிது. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையிலிருந்து ஒரு மெல்லிய சீவல் போகிறது. சீவினால்தான் பால் வரும். ஆனால் ஒவ்வொரு சீவலுக்கும் பட்டை கொஞ்சம் குறைகிறது. ஒரு பக்கம் தீர்ந்தால் மறுபக்கம் போகவேண்டும். வெட்டிய பக்கத்தில் புதுப் பட்டை வளரக் காத்திருக்கவேண்டும். பதமான கை மெல்லச் சீவி மரத்தை நீண்ட காலம் காப்பாற்றும். அவசரக் கை ஆழமாக இறங்கி மரத்தில் காயம் வைத்துவிடும். பிறகு அங்கே பட்டை வளர்ந்தாலும் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

நம் உடம்பிலும் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. தோல், இரத்தம், குடல் ஆகிய இடங்களில் பழைய உயிரணுக்கள் அழிந்து புதியவை பிறந்துகொண்டே இருக்கின்றன. புதியது பிறக்க, இருக்கும் ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டும். அவ்வாறு பிரியும்போது அதனுள் இருக்கும் நூல்களுக்கு முழுப் படி ஒன்று எடுக்கவேண்டும். இந்த நூல்களைக் குரோமோசோம் என்பார்கள். தாய் தந்த 23, தந்தை தந்த 23, ஆக 46 நூல்கள். நம் கண்ணின் நிறம், தலைமுடியின் சுருள், இரத்தத்தின் வகை ஆகிய எல்லாம் நான்கே இரசாயன எழுத்துகளைக் கொண்டு இந்த நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த நூல்களுக்குப் படி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சாணம் கரைத்துத் தரை மெழுகுகிறவர், தாம் குந்தியிருக்கும் இடத்தை மட்டும் மெழுக முடியாதல்லவா? அதுபோல, படி எடுக்கும் இரசாயனப் பொருளாலும் நூலின் கடைசி நுனியைப் படி எடுக்க முடிவதில்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் நுனி சிறிது குறைகிறது. முக்கியமான செய்தி நுனியில் இருந்தால் அது அழிந்துபோகும். இயற்கை அதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. நூலின் இரு முனைகளிலும் செய்தி எதுவும் இல்லாத ஒரு காப்புப் பகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறது. டி டி ஏ ஜி ஜி ஜி என்ற ஆறெழுத்துத் தொடரே அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. இந்தக் காப்பு நுனிக்குத்தான் டெலோமியர் என்று பெயர். கிரேக்க மொழியில் "கடைசிப் பகுதி" என்று பொருள். பிறக்கும்போது ஏறத்தாழப் பத்தாயிரம் எழுத்து நீளம் இருக்கும் இந்த நுனி, பெரியவர்களின் வெள்ளணுக்களில் ஆண்டுக்கு இருபது முப்பது எழுத்து வீதம் குறைகிறது. மிகவும் குறைந்துவிட்டால் அந்த அணு பிரிவதை நிறுத்திவிடுகிறது. பட்டை தீர்ந்த மரத்தின் நிலைதான் அதற்கும்.

கண்டுபிடித்தவர்களின் கதை

இந்த நுனியின் சிறப்பை முதலில் உணர்ந்தவர்கள் 1930களில் வாழ்ந்த இரண்டு அறிஞர்கள். ஹெர்மன் முல்லர் பழ ஈக்களை ஆராய்ந்தவர். டெலோமியர் என்று பெயர் சூட்டியவரும் அவரே. பார்பரா மெக்ளின்டாக் என்ற அம்மையார் மக்காச்சோளச் செடியை ஆராய்ந்தவர். நூல் நடுவில் அறுந்தால், அறுந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; இயற்கையான நுனிகளோ அவ்வாறு ஒட்டுவதில்லை என்று இருவரும் கண்டார்கள்.

அக்காலத்தில் உயிரணுவுக்கு மூப்பே இல்லை என்று பலர் நம்பினார்கள். 1912இல் அலெக்சிஸ் காரெல் என்ற மருத்துவர் கோழிக்குஞ்சின் இதயத் திசுவை உடம்புக்கு வெளியே வளர்க்கத் தொடங்கி, அது முடிவின்றி வாழும் என்று சொன்னதே அதற்குக் காரணம். 1961இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் லெனார்ட் ஹேஃப்ளிக் என்பவர் அந்த நம்பிக்கையை உடைத்தார். மனித அணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார். ஏன் நிற்கின்றன? 1971இல் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சி ஒலோவ்னிகோவ் ஒரு விளக்கம் தந்தார். ஒவ்வொரு பிரிவிலும் நுனி தேய்வதால்தான் நிற்கின்றன என்றார் அவர்.

நுனியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படித்தவர் எலிசபெத் பிளாக்பர்ன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். குளத்து நீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றையணு உயிரை ஆராய்ந்து 1978இல் அதன் நுனியில் உள்ள எழுத்துத் தொடரை வெளியிட்டார். அந்த நுனி உண்மையிலேயே ஒரு காப்புத்தான் என்பதை 1982இல் ஜாக் ஷோஸ்டாக் என்பவரோடு சேர்ந்து காட்டினார். அவருடைய மாணவி கரோல் கிரைடர். சிறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டவர். தேர்வுகளில் குறைந்த மதிப்பெண் பெற்றதால் பல பல்கலைக்கழகங்கள் அவருக்கு இடம் தர மறுத்தன. அந்த மாணவிதான் 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தேய்ந்த நுனியை மறுபடி வளர்க்கும் ஒரு பொருளின் தடயத்தைக் கண்டார். அதற்கு டெலோமரேஸ் என்று பெயர். புதுப் பட்டை வளர்க்கும் சாறு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இம்மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. படிப்பில் பின்தங்கியதாகச் சொல்லப்படும் நம் பிள்ளைகளின் பெற்றோர் கிரைடரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நுனி குறைந்தால் நோய் வருமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். 2003இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரிச்சர்ட் காத்தன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1980களில் இரத்தம் கொடுத்த, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 143 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களின் நுனியை அளந்தார்கள். நுனி குறைவாக இருந்த பாதிப்பேரில் இதய நோயால் இறந்தவர்கள் மறுபாதியைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தார்கள். தொற்றுநோயால் இறந்தவர்கள் எட்டு மடங்குக்கு மேல். ஆய்வு சிறியது, ஆனால் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் 2015இல் டென்மார்க்கில் 64,637 பேரை அளந்த பேராய்வும் நுனி குறைந்தவர்களிடையே இறப்பு அதிகம் என்றே காட்டியது. ஆனால் அந்த வேறுபாடு முதல் ஆய்வில் கண்ட அளவுக்குப் பெரிதல்ல.

இப்போது சென்னைக்கு வருவோம். மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அடைக்கலகோடீஸ்வரி, பாலசுப்பிரமணியம், மோகன் ஆகியோர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இனிப்பு நீர் நோயுள்ளவர்களையும், அவர்களை ஒத்த வயதுடைய நோயற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். நோயுள்ளவர்களின் நுனி குறைவாக இருந்தது. 2007இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. இனிப்பு நீர் முழுதாக வருவதற்கு முன்பே, இரத்தத்தில் சர்க்கரை சற்று ஏறத் தொடங்கிய நிலையிலேயே நுனி குறைந்திருந்தது.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2019இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்று பொருள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூச்சோங்கிலும் உள்ள நம் குடும்பங்களில் கால் விரல் இழந்த ஒரு பெரியப்பா, வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் ஓர் அத்தை இல்லாத வீடு குறைவு.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அணுக்களுக்குள் ஒரு வகைத் துருப்பிடிப்பு நடக்கிறது. நூலின் நுனியில் ஜி என்ற எழுத்து மிகுதியாக இருப்பதால், துரு அங்கே எளிதில் பற்றும். புகைப்பதாலும், உடம்பில் ஆறாத அழற்சி இருப்பதாலும் நுனி தேய்கிறது. மனக்கவலைக்கும் இதில் பங்கு உண்டு என்று 2004இல் எலிசா எப்பல், பிளாக்பர்ன் ஆகியோர் காட்டினார்கள். நீண்ட நாள் நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மார்களையும், ஆரோக்கியமான பிள்ளைகளின் தாய்மார்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். பராமரிக்கும் ஆண்டுகள் கூடக் கூட நுனி குறைந்தது. மன உளைச்சல் மிகுதியாக உள்ளதாகச் சொன்னவர்களின் நுனியும் குறைவாகவே இருந்தது. ஒரு நோயாளி இருக்கும் வீட்டில், அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் உடம்பும் தேய்கிறது என்பதை இந்த ஆய்வு நமக்கு நினைவூட்டுகிறது.

கிள்ளான் சொல்லும் பாடம்

இதையெல்லாம் கேட்டதும், "அப்படியானால் நோய் நம் அணுவிலேயே எழுதியிருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். பழைய தலையெழுத்து இப்போது நுனியெழுத்தாகத் திரும்பி வருகிறது! இந்தக் கேள்விக்கு விடை காண 1901ஆம் ஆண்டுக் கிள்ளானுக்குப் போவோம்.

அந்த ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். ஊர் முழுவதும் குளிர்காய்ச்சல். பக்கத்தில் சதுப்பு நிலத்தில் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று சொல்வது அதைத்தான். அந்த ஓர் ஆண்டில் மட்டும் பட்டணத்திலும் துறைமுகத்திலும் 582 பேர் இறந்தார்கள். அவர்களில் 368 பேரைக் கொன்றது காய்ச்சல். கப்பலிலிருந்து இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்தக் காய்ச்சல் தெரியாத ஒன்றல்ல. காய்ச்சலில் விழுந்தவர்களைப் பார்த்து, இவர்கள் உடல்வாகே இப்படி, இந்த மண்ணின் ஆவியே இப்படி என்று சொன்னவர்கள் அக்காலத்தில் உண்டு.

ஆனால் அதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன்புதான், 1897 ஆகஸ்டில், ரொனால்ட் ராஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். வாட்சன் அதைப் பற்றிக்கொண்டார். ஊரைச் சுற்றியிருந்த சதுப்புகளைத் தூர்க்கவும், வடிகால் வெட்டவும் அரசாங்கத்தை இணங்கவைத்தார். மண்வெட்டி பிடித்தவை தொழிலாளர்களின் கைகள். மறு ஆண்டில், 1902இல், காய்ச்சல் இறப்பு 368இலிருந்து 59 ஆகக் குறைந்தது. 1903இல் 46.

அந்த ஓராண்டுக்குள் கிள்ளான் மக்களின் இரத்தம் மாறிவிட்டதா? குலம் மாறிவிட்டதா? இல்லை. மாறியது ஊரின் சதுப்புதான். நோய் வரும் வாய்ப்பு மனிதர் உடம்பில் மட்டும் இல்லை, அவர் வாழும் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தக் காய்ச்சலுக்கும் நூலின் நுனிக்கும் நேரடியான உறவு உண்டு என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. ஸ்வீடனில் நாணற்காட்டில் கூடு கட்டும் ஒரு சிறு குருவிக்கு, ஆப்பிரிக்காவில் குளிர்காலம் கழிக்கப் போகும்போது ஒரு வகை மலேரியா தொற்றுகிறது. காய்ச்சலும் இல்லை, வாட்டமும் இல்லை. வெளிப்பார்வைக்கு அது நலமாகவே இருக்கும். ஆனால் கிருமி உள்ளேயே தங்கிவிட்ட குருவிகளின் நுனி வேகமாகத் தேய்ந்தது, குஞ்சுகளும் குறைந்தன, ஆயுளும் குறைந்தது. இது 2015இல் வெளியான ஆய்வு. பிறகு 2018இல், வெளிநாட்டுப் பயணத்தில் மலேரியா தொற்றி ஸ்டாக்ஹோம் நகரில் சிகிச்சை பெற்றவர்களை ஓராண்டுக்காலம் தொடர்ந்து கவனித்தார்கள். காய்ச்சலை அடுத்து அவர்களின் வெள்ளணுக்களில் நுனி குறைந்தது. ஆனால் நோய் தீர்ந்தபின், ஓராண்டுக்குள் அது மெல்ல மீண்டது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நோய் நுனியைத் தேய்க்கிறது என்பது ஒன்று. காரணத்தை நீக்கினால் தேய்ந்தது ஓரளவு மீளவும் கூடும் என்பது மற்றொன்று. திரும்பத் திரும்பக் குளிர்காய்ச்சலில் விழுந்து, கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற நம் பாட்டன் பாட்டிமாருக்கு அந்த மீட்சிக்கான ஓய்வு கிடைக்கவில்லை. அவர்கள் ஐம்பது வயதிலேயே கிழவர் கிழவியாகத் தெரிந்ததை வெறும் வெயிலின் வேலை என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

நீண்டால் எல்லாம் நன்மையா?

அப்படியானால் நுனியை நீட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். இதற்கும் வாட்சனின் அனுபவத்திலேயே ஒரு விடை உண்டு. கடலோரச் சமவெளியில் மலேரியாக் கொசு நிழலடைந்த சதுப்பு நீரில் முட்டையிட்டது. அங்கே காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் ஒழிந்தது. அதே முறையை உள்நாட்டுக் குன்றுகளில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை, பெருகியது. குன்றுப் பகுதியில் வேறொரு கொசு இருந்தது. அது வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் வளரும். காட்டை வெட்டியதும் ஓடைக்கு வெயில் கிடைத்தது, கொசுவுக்குக் கொண்டாட்டம். ஓரிடத்தில் மருந்தாக இருந்தது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. குன்றுகளில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து வடிக்கவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது.

நுனியின் கதையும் அப்படித்தான். நுனியை வளர்க்கும் டெலோமரேஸ் என்ற பொருள் நம் உடம்பின் பெரும்பாலான அணுக்களில் அடங்கிக் கிடக்கிறது. பெரும்பாலான புற்றுநோய்களிலோ அது விழித்துக்கொண்டு வேலை செய்கிறது. அதனால்தான் புற்றணு முடிவின்றிப் பிரிகிறது. 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த அணுக்கள், அவர் இறந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2017இல் வெளியான ஒரு பெரிய மரபியல் ஆய்வு, பிறப்பிலேயே நீண்ட நுனி பெற்றவர்களுக்கு இதய நோய் வாய்ப்புக் குறைவு, ஆனால் பல வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. ஆகவே நுனி தேய்வது வெறும் குறை அல்ல. கட்டுக்கடங்காமல் பெருகும் அணுவுக்கு இயற்கை போட்ட கடிவாளமும் அதுதான்.

இந்த உண்மை தெரியாமல் நாம் ஏமாறக்கூடாது. இளமையைத் திரும்பத் தருவோம், நுனியை நீட்டுவோம் என்று சொல்லி மாத்திரையும் பொடியும் விற்பவர்கள் உலகெங்கும் உண்டு. இரத்தத்தில் நுனியை அளந்து, உங்கள் ஆயுளைச் சொல்கிறோம் என்பவர்களும் உண்டு. ஒரே வயதுள்ள நல்ல ஆரோக்கியமானவர்களிடையேயும் நுனி நீளம் மிகவும் வேறுபடும். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் உறவை வைத்து, ஒரு தனி மனிதருக்குச் சாதகம் கணிக்க முடியாது. பிறவியிலேயே டெலோமரேஸ் குறைபாடு உள்ள சில அரிய குடும்பங்கள் இதற்கு விலக்கு. இரத்தம் ஊறாத நோயும் நுரையீரல் தழும்பேறும் நோயும் அக்குடும்பங்களில் வரும். இதை 2001இலும் 2007இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. அத்தகையவர்களுக்கு மருத்துவரே நுனியை அளக்கச் சொல்வார். மற்ற நமக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

இன்னொன்றையும் நாம் பிரித்தறிய வேண்டும். கோழி கூவுவதால் பொழுது விடிவதில்லை. பொழுது விடிவதைக் கோழி தெரிவிக்கிறது. அதுபோல, பல நோய்களில் குறைந்த நுனி என்பது நோய்க்கு முழுக் காரணம் அல்ல. உடம்பு பட்ட பாட்டைத் தெரிவிக்கும் அடையாளமாகவும் இருக்கிறது. கோழியின் வாயைக் கட்டினால் விடியல் நிற்காது. உடம்பு படும் பாட்டைக் குறைக்காமல் நுனியை மட்டும் நீட்டினால் நோயும் நிற்காது.

நாம் வெட்டவேண்டிய வடிகால்

கிள்ளானைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாயின. பிறகு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் ஆயின. லயத்தில் இருந்த நம் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. ஒரு காலத்தில் விடியுமுன் எழுந்து மைல் கணக்கில் நடந்த கால்கள், இன்று காவல் நாற்காலியிலும் லாரியின் இருக்கையிலும் இயந்திரத்தின் முன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கின்றன. உடலுழைப்புக்கு வேண்டியிருந்த பெரும் சோற்றுத்தட்டும், டின்பால் ஊற்றிய தேநீரும் மட்டும் அப்படியே தொடர்ந்து வந்துவிட்டன. மலேரியாக் கொசுவின் சதுப்பு வற்றியது. இனிப்பு நீரின் சதுப்பு சூழ்ந்துகொண்டது.

இந்தச் சதுப்பையும் வடிக்க முடியும். முப்பது வயது கடந்தவர்கள் அரசாங்க கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னை ஆய்வு சொன்னதை மறக்க வேண்டாம். தேய்மானம் நோய் வெளிப்படுமுன்பே தொடங்குகிறது. நோய் கண்டவர்கள் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாமல் சாப்பிடவேண்டும். சிகரெட்டை விட்டுவிடவேண்டும். தேநீரில் பாலும் சீனியும் குறைய, தட்டில் சோறு குறைந்து கீரையும் பயறும் கூடவேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவேண்டும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது மற்றவர்கள் கைமாற்றிவிட வேண்டும். இவை எதுவும் விலைகொடுத்து வாங்கும் பொருள் அல்ல.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் ஒரு தனி மனிதரின் தலையில் ஏற்றிவிடுவதும் நியாயம் அல்ல. 1901இல் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டிருந்தால் 368 என்ற எண் 59 ஆக இறங்கியிருக்காது. ஊர் ஒன்றுசேர்ந்து, அரசாங்கம் செலவு செய்து, பொது வடிகால் வெட்டியது. இன்றும் அப்படியே. அடுக்குமாடியைச் சுற்றிப் பயமின்றி நடக்க வெளிச்சமுள்ள பாதை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சர்க்கரை குறைந்த பானம், இரவு வேலைக்காரர்களும் போகக்கூடிய நேரத்தில் கிளினிக், பன்னிரண்டு மணி வேலைக்குப் பதில் நியாயமான நேரம் ஆகிய இவையெல்லாம் நம் காலத்து வடிகால்கள். குடியிருப்போர் சங்கத்திலும், கோயில் கூட்டத்திலும், தொழிற்சங்கத்திலும் நாம் கேட்டுப் பெறவேண்டியவை.

நம் முன்னோரின் நுனி எத்தனை தேய்ந்திருந்தது என்று அளக்க அந்நாளில் கருவி இல்லை. இன்று கருவி இருக்கிறது. அது நமக்குச் சொல்வது இதுதான்: வாழ்க்கை உடம்பில் எழுதிச் செல்கிறது; எழுதும் கோல் முழுவதும் விதியின் கையில் இல்லை, ஒரு பாதி நம் கையிலும் நாம் வாழும் ஊரின் கையிலும் இருக்கிறது. மரத்தைக் காக்கும் பதமான கை எது என்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தப் பதத்தை இனி நம் உடம்புக்கும் காட்டுவோம்.